வறண்ட நிழலுக்கு ஏற்ற செடிகள்

பரந்த வளவும் முதிர்ந்த மரங்களும் வாய்த்தவர்க்குப் பூந்தோட்டம் அமைத்தல் எளிது என்று பலர் எண்ணுவர். நாம் கண்டது வேறு. புத்தளக் கரையோரத்தில் வேம்பும் புளியும் பூவரசும் நிழல் செய்யும் வளவொன்றிலே மாணவருடன் கூடி ரோசாச் செடிகளை நட்டோம். ஐப்பசி மழையில் அவை தழைத்தன; ஆடிக் காற்றிலே ஒன்றேனும் எஞ்சவில்லை. பிள்ளைகள் வாளி வாளியாக இறைத்து ஊற்றியதில், அவர்கள் குடிக்கும் கிணறு உவர்த்ததே கண்ட பலன்.

காரணம் ஆராய்வோம். நமக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. சித்திரையிலும் சிறிது உண்டு. வைகாசி முதல் புரட்டாதி வரை வறண்ட காற்றே வீசும். கற்பிட்டி போன்ற மணற்பாங்கான இடங்களில் நன்னீரானது உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்பது; அளவின்றி இறைப்பின் உப்பு மேலெழும். இனி, நிழல் ஈரத்தைக் காக்கும் என்பதும் பாதி உண்மையே. வெயிலைத் தடுக்கும் இலைக்கூரை சிறுமழையையும் தடுத்துவிடுகிறது. விழுந்த நீரையோ மரவேர்கள் முந்திக்கொள்கின்றன.

ஆதலின் வறட்சியோடு நிழலையும் பொறுக்கும் செடிகளே வேண்டும். அவற்றுள் மருளுக்கே நாம் முதலிடம் தருவோம். தாவரநூலார் இதற்கு இட்ட பெயரிலும் இலங்கையின் பெயர் உண்டு. தடித்த இலையில் நீரைச் சேமித்து வைப்பதோடு, ஏனைய செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இஃது இரவிலே திறக்கும். ஆதலால் வெயில் நீரைக் கவர்வதில்லை. வில்லுக்கு நாண் தந்த நாரும் இதனதே. அடுத்தது தண்ணீர்விட்டான். அதன் கிழங்குக் கொத்தைத் தோண்டிப் பார்த்தவர்க்குப் பெயர்க்காரணம் கூறவேண்டுவதில்லை. நன்னாரியும் பிரண்டையும் மரத்தடியிலே தாமே படர்வன. ஓரங்களில் ஆடாதோடை நடலாம். ஆடு தொடாது என்பது நம்மூர் வேலிகளுக்குச் சிறிய நன்மையன்று. நொச்சிக்குச் சற்று வெயில் வேண்டும்.

புதிதாக நிழல்மரம் வைப்போர் பாலையை நினைக்க. மெல்ல வளரினும் நம் வறண்ட காட்டுக்கு உரியது. பாலைத்திணைக்குப் பெயர் தந்தது இம்மரமோ என மாணவர் வினவுவதுண்டு. அது வெட்பாலை இனம் என்பர். நாம் பழம் உண்ணும் பாலை வேறு.

நடுங்காலம் முதல் மழையே. பெரிய கன்று வேண்டா. சிறியதே விரைவில் வேரூன்றும். மரவேரை வெட்டாது, வேர்களின் இடையே சிறு குழி தோண்டி, அடியிலே பொச்சுமட்டை இடுக. ஈரங்காக்கத் தென்னந்தோட்டங்களில் மட்டை புதைக்கும் முறையை நம் மாவட்டத்து லுணுவிலைத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரும் கூறுவர். முதற்கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை நீர் போதும். மற்றொன்று: காலைதோறும் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை மரத்தடியிலேனும் விடவேண்டும். துப்புரவு என்று நாம் கருதும் அது, மண்ணின் போர்வையை உரிப்பதாகும்.

வரும் ஐப்பசியிலே மீண்டும் நட எண்ணியுள்ளோம். பழைய மாணவர் தத்தம் வளவிலிருந்து ஒவ்வொரு மருட்கன்று கொணர்ந்தால் விலைக்கு ஒன்றும் வாங்கவேண்டியதில்லை.