அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

பிசான நடவு முடிந்து தாமிரபரணிப் பாசன வயல்களில் தண்ணீர் தேங்கி நிற்கும் மாதங்களில் ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். முக்கால்வாசிப் பேருக்குச் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் பிள்ளை அம்மாவையே யாரென்று தெரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ விஷயம் வேறு. வீட்டார் அதை மூளைக்காய்ச்சல் என்பார்கள். அது எந்த மூளைக்காய்ச்சல் என்பதுதான் மருத்துவருக்குச் சிக்கல். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வருவதற்குள் அவருடைய கையும் கண்ணும் பாதி வேலையை முடித்திருக்க வேண்டும்.

முதலில் நினைவு. கூப்பிட்டால் கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, சொன்னபடி கையைத் தூக்குகிறதா? 1974-இல் வந்த கிளாஸ்கோ அளவுகோல் இதற்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுகிறது. அடுத்து, கழுத்து விறைத்திருக்கிறதா என்று குனியவைத்துப் பார்ப்பார். பிறகு உள்ளங்காலைச் சாவியால் கீறுவார். கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பினால் மூளையிலிருந்து வரும் நரம்புப் பாதையில் பழுது. 1896-இல் நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி சொன்னது. கைக்குழந்தைக்கு மட்டும் இது இயல்பே. சில சமயம் மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் ஒரு விரல் மட்டும் லேசாகத் துடிக்கும், அல்லது இமை. தூக்கம் என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம்.

முகம் உணர்ச்சியற்று உறைந்து, கைகால் விறைத்து நடுங்கினால் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்கலாம். இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1955-இல், நம் வேலூர்ப் பகுதியில். நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரையிடமிருந்தும் வைரஸைக் கொண்டுவருகிறது. தொற்று ஏற்படுவோரில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. முற்றினால் வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தடுப்பூசிதான் வழி.

மருந்து உள்ள ஒன்றும் இதே வேஷத்தில் வரும்: உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதர்க்காட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் பிள்ளை சொல்லாது, அம்மாவும் பார்த்திருக்க மாட்டார். அக்குள், தொடையிடுக்கு, காது மடலுக்குப் பின்னால், தொப்புளோரம் என்று ஒளிந்திருக்கும். சட்டை, டிராயர் எல்லாம் கழற்றி, டார்ச் அடித்துத் தேடினால்தான் அகப்படும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதற்கு எங்கே நேரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தப் பொருக்கு அகப்பட்டால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளினை உடனே தொடங்கலாம். பலருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

பொருக்கு இல்லை என்பதால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்றும் ஆகிவிடாது. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலிவாங்கிய மூளைக்காய்ச்சலில் பெரும்பங்கு ஸ்க்ரப் டைபஸ் என்று தெரிந்த பிறகு, அங்கே காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு நினைவு தப்பும்வரை காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுக்கத் தொடங்கினார்கள்.