எம்டனைத் தேடிய ஹாம்ப்ஷயர்

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை எல்லோருக்கும் தெரியும். அதைத் துரத்தியவர்களை யாருக்கும் நினைவில்லை. இந்தியப் பெருங்கடலில் எம்டனைத் தேடி அலைந்த கப்பல்களில் ஒன்று ஹெச்.எம்.எஸ். ஹாம்ப்ஷயர். 1903-இல் நீரில் இறக்கப்பட்ட, ஏறத்தாழ 11,000 டன் எடையுள்ள பிரிட்டிஷ் கவசக் கப்பல். எம்டன் அதன் கையில் சிக்கவே இல்லை. கடைசியில் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டனை வீழ்த்தியது ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி.

ஹாம்ப்ஷயர் 1916-இல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லண்ட் போரிலும் இருந்தது. ஆனால் வரலாற்றில் அதன் பெயர் நின்றது அதற்கடுத்த வாரம் நடந்ததால்தான். ஜூன் 5. பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு ரஷ்யா செல்ல அதில் ஏறினார். முன்னாளில் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த அதே கிச்சனர்தான். கடும் புயல். துணைக்கு வந்த இரண்டு சிறு போர்க்கப்பல்கள் அலையைத் தாங்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டன. ஆர்க்னி தீவுகளுக்கு மேற்கே, ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-75 சில நாள் முன்பு விதைத்திருந்த கண்ணிவெடியில் கப்பல் மோதியது. படகுகளை இறக்கினால், அவை கப்பலின் பக்கத்திலேயே மோதிச் சிதறின. சுமார் 15 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. மிதவைகளில் கரை சேர்ந்து பிழைத்தவர்கள் 12 பேர் மட்டுமே. 737 பேர் மாண்டனர். கிச்சனரின் உடல் கிடைக்கவே இல்லை.

கப்பலின் சிதைவு இன்று போர்க் கல்லறையாகப் பாதுகாக்கப்படுகிறது. அனுமதியின்றி அங்கே யாரும் முக்குளிக்கக் கூடாது.