தறியில் இரண்டாவது ஆசனம்

யந்திரம் வந்தால் மனிதன் மாறித்தான் தீரவேண்டும் என்று ஒரு சாரார் சொல்லுகின்றனர். மனிதன் விரும்பினாலன்றி யந்திரம் நிலைபெறாது என்பது மற்றொரு சாராரின் கட்சி. இவ்விரு கட்சியாரும் காஞ்சீபுரத்தில் ஒரு பட்டுத் தறியண்டை சிறிது நேரம் உட்கார்ந்திருந்து பார்ப்பார்களாயின், தத்தம் வாதத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

நெசவாளர் தெருவே ஒரு பாடம். பாவை நீளமாக நீட்டிக் கட்டிச் செம்மை செய்ய நேரான வெளி வேண்டும். அதற்கு ஏற்றாற்போல் தெரு அமைந்தது. தறிக்குக் குழி வெட்டிய கூடமே வீட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. சமையலும் படுக்கையும் எஞ்சிய இடத்தில் ஒதுங்கின. கருவி இவ்விதம் குடியிருப்பை வகுத்தது என்பது மெய்யே. ஆயினும் கருவி எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளக் குடியிருந்தவர்கள் இடங்கொடுத்துவிடவில்லை.

சேலத்தில் நடந்ததைச் சொல்லுவோம். 1906-ஆம் ஆண்டுவாக்கில், சென்னை சர்க்காரின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே ஒரு நெசவுச் சாலையை நடத்தத் தொடங்கினார். கயிற்றைச் சுண்டினால் தானே ஓடும் விசைநாடாவைப் பூட்டிய தறிகள் அங்கே வைக்கப்பட்டன. இந்த நாடா 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டுபிடித்தது. குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போகும் அம்முறை நெசவாளருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுத் தறியில் மனைவியும் மக்களும் செய்துவந்த துணைவேலை சாலையில் கிடையாதல்லவா? சில ஆண்டுகளில் சாலை மூடப்பட்டது. சர்க்கார் தொழில் நடத்தலாகாதென்று லண்டனிலிருந்து வந்த உத்தரவும் அதற்கு ஒரு காரணம். (நம் நாட்டுத் தொழில் வளர்ச்சியைப் பற்றி லண்டனுக்கு இருந்த கவலை வாசகர்கள் அறியாததன்று.) ஆனால் சாலையை வேண்டாமென்ற ஜனங்களே நாடாவை எடுத்துக்கொண்டனர். பின்வந்த ஆண்டுகளில் அந்நாடா பருத்தி நெசவாளர் வீடுகளில் பரவிற்று. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளினார்கள்.

காஞ்சியில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. அங்கே கோர்வைச் சேலை நெய்யப்படுகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடையிழையிலும் அந்நிறங்கள் கலவாதிருக்க வேண்டும். ஆகையால் நாடாக்கள் மூன்று: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு வரிசையிலும் கரையின் இழையையும் உடலின் இழையையும் ஒன்றோடொன்று மாட்டித்தான் மேலே செல்லவேண்டும். விசைநாடாவோ ஒரு விளிம்பில் புறப்பட்டு மறு விளிம்பில்தான் நிற்கும். கரை எங்கே முடிகிறது என்பதை அது அறியாது. எனவே நெசவாளருக்குப் பக்கத்தில், அப்புறத்துக் கரையைப் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் உட்கார வேண்டியிருந்தது.

அந்த இரண்டாவது ஆசனத்தில் யார் உட்கார்ந்தார்கள்? பெரும்பாலும் ஒரு பிள்ளை. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளை.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் பூவேலைக்குக் கயிறு இழுக்கச் சிறுவர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். 1804-ஆம் ஆண்டையொட்டி ஜக்கார்டு அமைத்த பொறி அவர்கள் வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தது. அப்பொறி பின்னர் காஞ்சிக்கும் வந்தது. பூவேலைக்குக் கயிறு இழுக்கும் ஆள் தேவையற்றுப் போயிற்று. கரையண்டை இருந்த பிள்ளையை மட்டும் அது எழுப்பவில்லை. பூவேலை துரிதமாக வேண்டுமென்று வியாபாரம் கேட்டது, பொறியும் வந்தது. பிள்ளையின் கைக்குக் கூலியே கொடாதபோது அந்தக் கைக்கு மாற்றுத் தேட எவருக்கு என்ன அவசரம்?

1986-ஆம் ஆண்டுச் சிறுவர் தொழில் தடைச் சட்டமும் இவ்வாசனத்தைத் தொடவில்லை. நெசவைத் தடையான தொழில்களில் சேர்த்துவிட்டு, குடும்பத்தார் உதவியோடு நடக்கும் தொழிற்கூடங்களுக்கு அத்தடை இல்லையென்று அது விலக்களித்தது. முன்பணக் கடனுக்காக அயலார் தறியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். உண்மையில் பிள்ளையை எழுப்பியது பள்ளிக்கூடம். 1982-இல் தொடங்கிய சத்துணவும், ஊருக்கு ஊர் வந்த பள்ளிகளும், 2010-இல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் சேர்ந்து அக்காரியத்தைச் செய்தன. இதனிடையே, 1990-களின் இறுதி முதல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. மாதச் சம்பளத்தை நாடி வாலிபர்கள் அங்கே போனார்கள்.

இரண்டாவது ஆசனம் காலியாயிற்று. உடனே தறி மாறிற்று; தறி மாறவே சேலையும் மாறிற்று. பல வீடுகளில் கோர்வையை விட்டு, ஒரே நாடாவில் ஒருவரே நெய்யக்கூடிய கரைகளுக்குத் திரும்பினார்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் சிறப்பு வேலை இவ்விதம் அருகி வருவதைக் கண்டு ரசிகர்கள் வருந்துகின்றனர். நமக்கும் வருத்தமே. ஆயினும், "பிள்ளைகள் சிறு வயதிலேயே பழகினால்தான் கை படியும்" என்று சில பெரியோர் அவ்வருத்தத்தோடு சேர்த்துச் சொல்லுவதை நாம் ஒப்பமாட்டோம். அப்பெரியோர் தம் பேரப்பிள்ளைகளை எந்தத் தறிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

கோர்வை இன்னும் நடக்கும் வீடுகளில் பல இடங்களில் அவ்வாசனத்தில் மனைவி உட்காருகிறாள். 2019-20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். அங்ஙனமிருந்தும் கூலி, சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தறிக்குக் கணக்கிடப்படுகிறது. தார் சுற்றியவளும் கரை கோத்தவளும் அத்தொகைக்குள் மறைந்துபோகிறார்கள். பிள்ளை மறைந்திருந்ததும் இதே கணக்கில்தான்.

இரண்டாவது ஆளுக்கும் கூலி வைத்தால் சேலையின் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். கலியாணப் பட்டுக்கு ஆயிரமாயிரமாகக் கொட்டிக் கொடுக்கும் நம்மவர், கரைக்கு ஒரு கூலியைச் சேர்த்துக் கொடுத்தால் முழுகிப்போக மாட்டார்கள். அக்கூலி ஏட்டில் ஏறிய பிறகுதான், அந்தக் கைவேலையை இலகுவாக்கும் கருவி ஒன்றை அமைப்பதிலும் முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும் அக்கறை பிறக்கும். அவ்விதக் கருவியை அமைப்போர், தறியின் சொந்தக்காரரோடு நின்றுவிடாமல், கரையண்டை உட்கார்ந்து தோள் நோகிறவளையும் கேட்டுச் செய்யட்டும்.

சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் அடுத்த முறை கூலி நிர்ணயிக்க உட்காரும்போது, கோர்வைத் தறி என்றால் இரண்டு ஆள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆளின் பெயரும் கூலியும் ஏட்டில் தனி வரியாகப் பதியப்பட வேண்டும்.