துருவைத் தேய்க்காதீர்கள்!

உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் துருவேறிய பழைய கத்தி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே என்ன செய்வீர்கள்? உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்த்து, வெள்ளிபோல் மின்னவைத்து, நண்பர்களிடம் காட்டுவீர்கள் அல்லவா? சற்றுப் பொறுங்கள்! பழைய கத்திகளையும் வாள்களையும் சேகரிப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே "தேய்க்காதே" என்பதுதான்.

தபால்தலை சேகரிப்பவர் அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரையைச் சுரண்டி அழிப்பாரா? மாட்டார். அந்தத் தபால்தலை எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் புறப்பட்டது என்பதை அந்த முத்திரைதான் சொல்கிறது. பழைய வாளின் மேற்பரப்பும் அப்படிப்பட்டதே. கொல்லர் அடித்த முத்திரை, தங்கக் கம்பியால் பதித்த எழுத்து, சாணை பிடித்த தடம் ஆகிய எல்லாம் மயிரிழைக் கனமுள்ள மேல்தோலில்தான் இருக்கின்றன. பத்து நிமிடம் தேய்த்தால் போதும், பல நூறு ஆண்டுச் செய்தி பொடியாக உதிர்ந்துவிடும்.

வாளில் ஓடும் நீரலை

சில பழைய வாள்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓடும் நீரின் அலைகளைப்போல் வெள்ளைக் கோடுகள் நெளிவது தெரியும். இவற்றை 'டமாஸ்கஸ் வாள்' என்று மேல்நாட்டார் அழைத்தனர். டமாஸ்கஸ் சிரியா நாட்டு நகரம். ஆனால் இந்த வாள்களுக்கான சிறந்த எஃகு, கட்டிகளாகத் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனது என்பதை அறிவீர்களா? அந்த எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்ற சொல்லே இப்படித் திரிந்தது என்பர். நாம் 'உருக்கு' என்கிறோம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன.

இதை எப்படிச் செய்தார்கள்? களிமண்ணால் செய்த சிறு மூசைக்குள் இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். அவற்றோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை வைத்து, மேலே எருக்கிலை மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். சேலம் பகுதியில் இந்த முறை இருந்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். பிறகு மூசைகளைக் கரி உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள்.

உள்ளே நடப்பது நல்ல வேதியியல்! தூய இரும்பு உருக 1,538 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை மண் உலையில் எட்டுவது எளிதன்று. ஆனால் குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்பில் கலக்கக் கலக்க, உருகுநிலை இறங்கிக்கொண்டே வரும். முடிவில் இரும்பு மூசைக்குள்ளேயே உருகி, ஏறத்தாழ 1.5 சதவீதம் கார்பன் கொண்ட எஃகுக் கட்டியாக உறையும். இந்தக் கட்டியை அதிகம் காய்ச்சாமல், மிதமான சூட்டில் பலமுறை அடித்து நீட்டினால், இரும்புக் கார்பைடு என்னும் கடினமான பொருள் வரிவரியாக அணிவகுத்து நிற்கும். அமிலம் பட்டதும் இந்த வரிகள் வெளுப்பாக நிற்க, சுற்றியுள்ள எஃகு கறுக்கும். நீரலைக் கோலத்தின் இரகசியம் இதுதான்.

கொல்லர் மகனின் ஆராய்ச்சி

மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் அடிப்படை கண்ட மைக்கேல் பாரடேயை உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு கொல்லரின் மகன் என்பது தெரியுமா? 1819இல் அவர் நம் நாட்டு எஃகைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார். பின்பு கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து சோதனைகள் செய்தார். ஊட்ஸின் உயர்வுக்கு அதிலுள்ள அலுமினியம் காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அது தவறாகப் போயிற்று. ஆனால் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

அறுபட்ட வாள்கள்

இப்போது ஒரு சேகரிப்பாளரின் கதைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி மோசர் மத்திய ஆசியாவிலும் பிற கீழை நாடுகளிலும் செய்யப்பட்ட ஆயுதங்களைத் திரட்டியவர். அவற்றுள் நான்கு வாள்களையும் இரண்டு குத்துவாள்களையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்றே அவர் கொடுத்தார். சோக்கே என்ற ஆய்வாளர் அவற்றை வெட்டிச் சோதித்து, 1924இல் முடிவுகளை வெளியிட்டார். அருமையாகத் தேடிச் சேர்த்த வாளை வெட்டக் கொடுக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

மிஞ்சிய துண்டுகளைப் பெர்ன் நகர அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றிலிருந்து சிறு மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் சேர்ந்து ஆராய்ந்து, 1998இல் ஒரு விடை தந்தார்கள். எஃகில் மிகமிகச் சிறிதளவு வனேடியம் போன்ற உலோகம் இருந்தால்தான் கார்பைடு ஒழுங்காக வரி கட்டுகிறது என்றார்கள். ஒரு கிலோ எஃகுக்குச் சுமார் 40 மில்லிகிராம் வனேடியம் போதும்! தாதில் அது குறைந்துபோனால், அதே முறையில் செய்தாலும் கோலம் வராது. வாள் கலை மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள் அதே தொகுப்பைச் சேர்ந்த 17ஆம் நூற்றாண்டு வாளின் மாதிரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் கார்பன் நுண்குழாய்கள் தெரிவதாக அறிவித்தார்கள். 1924இல் அப்படிப்பட்ட நுண்ணோக்கியே கிடையாது! வாள் மாறவில்லை, அதைப் படிக்கும் கருவிதான் மாறியது. நாளை வேறொரு கருவி வரும். அது படிப்பதற்கு வாள் இருக்க வேண்டுமே!

இதற்கு நேர்மாறான கதை நம் ஊரிலேயே உண்டு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையின் வாள்கள், கட்டாரிகள் பல 19ஆம் நூற்றாண்டில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூர் சென்றால் அவ்வாயுதங்களைக் காணலாம். ஆனால் எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரும் படிக்க முடியாது.

காப்பது எப்படி?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூன்று இரும்பு ஆணிகளைச் சோப்பால் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உப்பு நீர் தொட்ட விரலால் தடவுங்கள். இன்னொன்றுக்குத் தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். ஒரு வாரம் கழித்து எது முதலில் துருப்பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் வியர்வையிலும் உப்பு உண்டு. சேகரிப்பாளர்கள் வாளின் அலகை வெறுங்கையால் தொடாததன் காரணம் இப்போது விளங்குகிறதா?

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளானால் அவை சிக்குப்பிடித்து அமிலத்தன்மை அடையும். தோலுறைக்குள் போட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் சூடேறி எஃகின் பதமே கெடும். கருநிறப் படலம் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது உள்ளிருக்கும் இரும்புக்குக் கவசம். செந்துரு உதிர்ந்தால் மென்மையான துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பதே போதும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நீண்ட வாள்களுக்குச் சில இடங்களில் உரிமம் தேவைப்படும். மண்ணில் புதையுண்டு கிடைத்ததை அரசு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் சேகரிப்பதற்கு வாள்தான் வேண்டும் என்பதில்லை. அரிவாள்மணை, பாக்குவெட்டி, கதிர் அறுத்த அரிவாள், பாளை சீவிய கத்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் வரையுங்கள். நீளம், எடை, பிடியின் மரம், செய்த கொல்லரின் ஊர் ஆகியவற்றைக் குறியுங்கள். முக்கியமாக, அதைப் பிடித்து வேலை செய்த பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். கத்தியைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டாலும் மீட்கலாம். அதை அறிந்தவர்கள் போய்விட்டால், அவர்கள் அறிந்ததை எந்தக் கடையில் போய்த் தேடுவது?