சென்சாரை நேராகச் செருகலாமா? 4–20 மில்லி ஆம்பியர் விளக்கம்

நீர்த்தொட்டியின் மட்டத்தை அளக்கும் புத்தாக்கத் திட்டத்துக்குத் தமிழில் விளக்கம் எழுத மாணவர்கள் நம்மிடம் வருவதுண்டு. ஒரு கையில் தொழிற்சாலை உணர்கருவி, மறு கையில் இஎஸ்பி32 பலகை. "டீச்சர், இந்த ஒயரை நேரா இதுல செருகலாம்தானே?" என்று கேட்பாங்க. கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இவ்வகை உணர்கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்கி, அளவை மின்னோட்டமாக அனுப்பும். காலித் தொட்டிக்கு 4 மில்லி ஆம்பியர், நிறைந்த தொட்டிக்கு 20. கம்பி நீளமானால் மின்னழுத்தம் வழியில் குறையும். ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவுதான். சரி, ஏன் 0-இல் தொடங்கவில்லை? 0 வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும், அதற்குத்தான்.

பலகையின் உள்ளீட்டு முனைக்கு மின்னழுத்தம்தான் புரியும், அதுவும் 3.3 வோல்ட் வரைதான். ஆகவே சுற்றில் ஒரு மின்தடையை வைத்து, அதன்மேல் விழும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். நமக்குத் தெரிந்த ஓம் விதியேதான்: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. 150 ஓம் போட்டால்:

• 4 மில்லி ஆம்பியர் – 0.6 வோல்ட் (காலி)
• 12 மில்லி ஆம்பியர் – 1.8 வோல்ட் (பாதி)
• 20 மில்லி ஆம்பியர் – 3.0 வோல்ட் (நிறைவு)

"165 ஓம் போட்டா சரியா 3.3 வருமே?" என்று கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். பழுதானால் பல உணர்கருவிகள் 21-க்கு மேலும் அனுப்பும். 22 வந்தால் 165 ஓமில் 3.63 வோல்ட், எல்லை தாண்டிவிடும். 150 ஓமில் 3.3-உடன் நிற்கும். தொழிற்சாலைகளில் வழக்கமான 250 ஓம், 20-இலேயே 5 வோல்ட் தரும். இந்தப் பலகைக்கு ஆகாது.

மின்தடை மட்டும் போதுமா? உணர்கருவியின் இரு கம்பிகளும் தொட்டுக்கொண்டால் 24 வோல்ட்டும் மின்தடைமேல் விழும். 160 மில்லி ஆம்பியர் ஓடி, சின்ன மின்தடை கருகும், பலகையும் போய்விடும். அதனால்:

1. மின்தடைக்கும் உள்ளீட்டு முனைக்கும் நடுவே 10 கிலோ ஓம். 24 வோல்ட்டே வந்தாலும் சுமார் 2 மில்லி ஆம்பியர்தான் உள்ளே போகும்.
2. உள்ளீட்டு முனையிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு ஷாட்கி டையோடு, கோடு போட்ட முனை 3.3 பக்கம்.
3. 24 வோல்ட் கம்பியில் 50 மில்லி ஆம்பியர் ஃபியூஸ்.
4. மின்தடையின் கீழ்முனை, 24 வோல்ட்டின் எதிர்முனை, பலகையின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாக.
5. பலகையை இணைக்குமுன் மல்ட்டிமீட்டரால் மின்தடைமேல் அளந்து பாருங்கள். 0.6 முதல் 3.0 வரை இருந்தால் மட்டும் இணைக்கலாம்.

24 வோல்ட்டுக்கு மூடிய அடாப்டரையே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தில் மாணவர்கள் கை வைக்க வேண்டாம்.

விளக்கம் எழுதுமுன் குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "திரையில் 0 வோல்ட் என்று வந்தால் தொட்டி காலியா?" "இல்லை டீச்சர், கம்பியைப் பார்க்கணும்" என்று காரணத்தோடு சொன்னால் எழுதத் தொடங்கலாம்.