மேலூர் மலைகள்: அன்று போனவை, இன்று நிற்பவை

மேலூரிலிருந்து திருப்பத்தூர் சாலையில் கீழவளவுப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கற்களைப் பார்த்திருப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் அறுத்தெடுத்த கிரானைட் பாளங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிய எண்கள் மங்கியிருக்கும், இடுக்குகளில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். கிரானைட் குவாரி முறைகேடு வெளிவந்தபோது அரசு கைப்பற்றிக் கணக்கெடுத்த கற்கள் அவை. அவற்றை வெட்டி எடுத்த இடங்களில் செங்குத்தாக இறங்கும் பள்ளங்களும் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு அங்கெல்லாம் குன்றுகள் இருந்தன. ஆடு மேய்ந்த குன்றுகள், சுனையில் தண்ணீர் நின்ற குன்றுகள். கீழவளவின் பஞ்சபாண்டவர் மலை மட்டும் சமணர் படுக்கைகளோடும் தமிழிக் கல்வெட்டோடும் தப்பி நிற்கிறது.

அங்கிருந்து சில மைல் தள்ளி, அதே மேலூர் வட்டத்தில், அரிட்டாபட்டியின் ஏழு மலைகளும் முழுசாக நிற்கின்றன. பாறை ஒரே பாறை. அதற்கு வந்த ஆபத்தும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருந்தும் ஓரிடத்தில் மலை போயிற்று, இன்னோரிடத்தில் நின்றது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊர்கள் தங்கள் மலையைப் பார்க்கிற விதமும், ஒன்றுக்கொன்று துணை நிற்கிற விதமும் மாறியதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் மலைக்கும் வயலுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிட வேண்டும். மொட்டைப் பாறையில் விழுகிற மழை ஊறி மறைவதில்லை, வழிந்து இறங்கும். சரிவில் இருக்கும் சுனைகளை நிரப்பி, ஓடையாகித் திரண்டு, அடிவாரக் கண்மாயில் சேரும். அந்தக் கண்மாய் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். பெரியாற்றுக் கால்வாய் மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகத்துக்குத்தான் தண்ணீர் தரும், அதுவும் அணையில் இருப்பைப் பொறுத்து. மேட்டு ஊர்களுக்கு அதுவும் ஏறாது. அவர்களுடைய நெல்லுக்கும் கிணற்றுக்கும் மலைதான் தலைமடை. குன்றை அறுத்தால் கண்மாய்க்கு வரத்து அறும். கழிவுக் கல்லை ஓடையில் கொட்டினால் வரத்துக்காலே இல்லாமல் போகும்.

கிரானைட் காலத்தில் நடந்தது அதுதான். வருவாய்க் கணக்கில் குன்று என்பது அரசுப் புறம்போக்கு. அரசு தன் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறது, நாம் யார் கேட்க என்றுதான் பெரும்பாலான ஊர்கள் முதலில் ஒதுங்கி நின்றன. குத்தகை ஒரு சர்வே எண்ணுக்கு இருக்கும், வெட்டு அடுத்த எண்ணுக்கும் போகும். பட்டா நிலத்துக்கு முன்பணம், பிள்ளைகளுக்கு வேலை என்று ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பேச்சு நடந்தது. ஒரு குன்று வெடிச் சத்தத்தில் அதிரும்போது, அது அடுத்த ஊர்க் குன்றுதானே என்று இந்த ஊர் இருந்தது. இவர்கள் குன்றுக்கு வெடி வைத்தபோது கேட்க அந்த ஊரில் ஆளில்லை.

மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு எழுதிய கடிதத்தில், இந்த முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பை 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். அதன் பிறகுதான் சோதனைகள், வழக்குகள், குவாரிகள் மூடல் எல்லாம். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது, மறு ஆண்டு அவர் அறிக்கை கொடுத்தார். குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டியதும், கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் மூடியதும் அரசு ஏட்டில் பதிவாயின. இழப்பை ரூபாயில் கணக்கிட்டாகிவிட்டது. போன குன்றைத் திருப்பி வைக்க மட்டும் எந்த ஆணையத்தாலும் முடியாது.

அந்த நாட்களில் அரிட்டாபட்டி மலைக்கும் கிரானைட் குத்தகை வந்தது. ஊர் எழுந்து தடுத்தது. அதோடு நின்றிருந்தால் இதுவும் ஒரு போராட்டக் கதையாக முடிந்திருக்கும். அரிட்டாபட்டி அடுத்ததாகச் செய்த வேலைதான் இன்றைக்கும் எல்லா ஊர்களும் பார்த்துக் கற்க வேண்டியது. தன் மலையில் என்னென்ன இருக்கிறது என்பதை அது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது. பறவை பார்க்கிறவர்களையும் கல்வெட்டு படிக்கிறவர்களையும் ஊர்க்காரர்கள் மலைக்கு அழைத்துப் போனார்கள். எந்தப் பொந்தில் எந்தப் பறவை அடையும் என்று இவர்கள் காட்டினார்கள், அதன் பெயரையும் அருமையையும் வந்தவர்கள் சொன்னார்கள்.

அப்படிச் சேர்ந்த கணக்கு பெரிது. கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையுள்ள தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் குகையைச் செய்துகொடுத்தவரின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். அதில் இலகுலீசர் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டில் அரிதாகவே பார்க்கக் கிடைப்பது அது. மலையைச் சுற்றி 72 ஏரி குளங்கள், 200 இயற்கை ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள். ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பறவைகளில் சுமார் 250 வகை. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, இராசாளி என்று வேட்டைப் பறவைகளே பல. பாறை இடுக்குகளில் எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. சமணர் வந்தார்கள், சைவர் வந்தார்கள், பாண்டியர் வந்து போனார்கள். எல்லாரும் இந்த மலையைச் செதுக்கினார்கள், யாரும் அதைக் கரைக்கவில்லை.

2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் சேர்ந்து 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்தில் முதல் பல்லுயிர் மரபுத் தலம் அதுதான். மறு ஆண்டே சேக்கிபட்டி, திருச்சுனை, அய்யாபட்டிப் பக்கம் மறுபடி குவாரி ஏலம் என்ற அறிவிப்பு வந்தது. இந்த முறை ஊர்கள் காத்திருக்கவில்லை. மந்தைகளில் கூடிப் பேசி, சாலைக்கு வந்தன. ஏலம் நடக்கவில்லை.

பிறகுதான் டங்ஸ்டன் வந்தது. 2023இல் திருத்திய கனிமச் சட்டப்படி டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களுக்கான சுரங்கத்தை ஒன்றிய அரசே ஏலம் விடலாம். மாநிலத்தின் பங்கு வருவாயில்தான், முடிவில் அல்ல. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, நாயக்கர்பட்டி, நரசிங்கம்பட்டி என்று அந்த வட்டாரத்து ஊர்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தன.

டங்ஸ்டன் வேண்டாத பொருள் என்று யாரும் சொல்ல மாட்டோம். இரும்பை அறுக்கிற, பாறையைத் துளைக்கிற கருவிகளின் முனை அதனால் ஆனது. நாட்டுத் தேவைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம் என்பதும் உண்மை. ஆனால் அதை எடுக்கிற முறையைப் பார்க்க வேண்டும். பாறையில் அது மிகக் குறைவாகவே கலந்திருக்கும். பொதுவாக 100 டன் பாறையை உடைத்து அரைத்தால் ஒரு டன் தேறுவதே அபூர்வம். மீதியெல்லாம் தூளும் சேறுமாக எங்காவது குவிய வேண்டும், தேக்கி வைக்க வேண்டும். கண்மாயும் கிணறும் தோப்புமாக மக்கள் நெருங்கி வாழ்கிற இடத்தில் அந்த "எங்காவது" யாருடைய வயல்?

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள் போடப்பட்டன. மேலூர் வணிகர்கள் கடையடைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. முன்பே யார் தடுத்திருக்க வேண்டும் என்று இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டன. டிசம்பர் 24 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஓர் இடைவழி சொன்னது: பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யலாம்.

அந்த நாளை நான் பெரிதாக மதிக்கிறேன். அரிட்டாபட்டிக்கு அது வெற்றிதான். தன் மலை பிழைத்தது என்று ஊர் திரும்பிப் படுத்திருக்கலாம். கிரானைட் காலமாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும், ஊர்களைப் பிரிக்க அதைவிட வசதியான கோடு கிடையாது. 193 ஹெக்டேரை விட்டால் மீதி 1,800 ஹெக்டேருக்கு மேல் அடுத்த ஊர்களுடையது. ஆனால் மறு ஆய்வு வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று எல்லா ஊரும் ஒரே குரலில் சொல்லின. மலையடிவாரத்தில் ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்த கண்மாயின் வரத்து என்பது தெரிந்தவர்கள் அவர்கள்.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளோடு தாய்மாரும் அதில் இருந்தார்கள். வேலைநாளில் கூலியை விட்டுவிட்டு வந்த கூட்டம் அது. கலந்துகொண்டவர்கள் மேல் வழக்குகள் பதிவாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லி சென்று சுரங்க அமைச்சரைச் சந்தித்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. வல்லாளபட்டியிலும் அரிட்டாபட்டியிலும் அன்று வெடித்தது பட்டாசு மட்டும்தான்.

ஆனாலும் கவலை தீர்ந்துவிடவில்லை. ரத்தானது ஓர் ஏலம். மாநிலத்தையும் ஊரையும் கேட்காமல் ஏலம் விட வழி செய்த 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படியே இருக்கிறது. பாறைக்குள் டங்ஸ்டனும் இருக்கிறது. வேறொரு பெயரில், வேறொரு எல்லைக்கோட்டில் அது திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மரபுத் தலமாக அறிவித்த இடத்தையே ஒருமுறை தொகுதிக்குள் சேர்த்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த அறிவிப்பு எதுவும் இல்லாத குன்றுகள் தமிழ்நாட்டில் எத்தனை!

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டு, ஊரின் மரம், செடி, பறவை, விலங்கு, நீர்நிலை எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பல இடங்களில் அது பெயருக்கு நிரப்பிய ஏடாகத் தூங்குகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போய் உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் குன்றும் கண்மாயும் அதில் இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி அன்றே தீர்மானம் கொண்டு வாருங்கள்.