எட்டு இலக்கமும் ஒரு ஜர்னலும்

தேஹு ரோட்டிலிருந்து லோக்கல் ரயில் பிடித்துப் புனே போய் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் ஒரு பெண்ணை வைத்துப் பேசுவோம். தேஹு ரோடு ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் வயதானவர்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பது அவள் எடுத்திருக்கும் ஆய்வு. நல்ல தலைப்பு. "முதல்ல ஜர்னல்களைப் பாரும்மா, கேள்வித்தாளை அப்புறம் தயார் பண்ணலாம்" என்று கைடு சொல்லிவிட்டார். கூகுளில் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜர்னல் என்கிற ஆய்விதழில் கட்டுரை எப்படி வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் ஆய்வு செய்து எழுதி அனுப்புகிறார். ஆசிரியர், பெரும்பாலும் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு, அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அதை அனுப்புகிறார். 'பேட்டி எடுத்த முப்பது பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த முடிவுக்கு ஆதாரம் போதாதே?' என்றெல்லாம் அவர்கள் கேட்பார்கள். எழுதியவர் திருத்துவார், மறுபடியும் கேள்வி வரும். மாதக்கணக்கில் இழுக்கும். 'பியர் ரிவ்யூ' என்பது இவ்வளவுதான்: அச்சேறும் முன் துறைக்காரர்கள் குறுக்கு விசாரணை செய்வது.

நம் நாட்டில் இதற்கு நல்ல மரபு உண்டு. 1936-இல் பம்பாயில் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிதான் பிறகு டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. அங்கிருந்து 1940 முதல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க்' வருகிறது. நம் மாணவி தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இனி, ஏறக்குறைய எல்லோரும் வழுக்கி விழும் இடம். "இது நல்ல ஜர்னலா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐ.எஸ்.எஸ்.என். நம்பர் இருக்கே!" என்று பதில் வரும். மாணவர்கள் மட்டுமல்ல, பாடம் நடத்துகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த நம்பரையே பிரித்துப் பார்த்துவிடலாம். டாடா நிறுவன இதழின் எண் 0019-5634. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 95 வரும். கடைசி இலக்கமான 4-ஐச் சேர்த்தால் 99. பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். யாராவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்துவிட்டால் கணக்கு இடிக்கும்; அதைப் பிடிக்கத்தான் அந்தக் கடைசி இலக்கம். இதில் கட்டுரையின் தரம் எங்கே வருகிறது? வரவே இல்லை. வண்டியின் நம்பர் பிளேட் போலத்தான் இது. வண்டியை அடையாளம் காட்டும். பிரேக் பிடிக்குமா என்று சொல்லாது. தொடர்ந்து வரும் எந்த வெளியீடும் விண்ணப்பித்து இந்த எண்ணை வாங்கலாம். சினிமாப் பத்திரிகைக்கும் உண்டு.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கண்டு சொன்னவர்களில் புனேக்காரர்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு ஒப்புதல் தந்திருந்த பட்டியலில், பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த 1,009 இதழ்களை சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 88 சதவீதத்துக்கு மேல் தேறவில்லை. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை மானியக் குழு நீக்கியது. அடுத்து, இதே பல்கலைக்கழகத்தைத் துணைகொண்டு 'யு.ஜி.சி. கேர்' என்ற புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழ்களின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கும் காலம் போய்விட்டதால், நாமே பார்க்கக் கற்றுக்கொள்வது இப்போது கட்டாயமாகிவிட்டது.

என்ன பார்ப்பது? ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒரு பெயரை எடுத்து, அவர் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடுங்கள். அந்த ஆள் அங்கே உண்மையிலேயே இருக்கிறாரா, இந்த இதழைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று தெரிந்துவிடும். சமூகப்பணி, கான்கிரீட், ஹோமியோபதி மூன்றும் ஒரே இதழில் இருந்தால் தள்ளிவையுங்கள். இரண்டே நாளில் ஏற்பு என்று விளம்பரம் செய்தால் குறுக்கு விசாரணை நடக்கவில்லை என்று அர்த்தம். எழுதுகிறவரிடம் பணம் வாங்குவது மட்டுமே மோசடி ஆகிவிடாது. வாசகருக்கு இலவசமாகத் தரும் நல்ல இதழ்கள் சிலவும் கட்டணம் கேட்கின்றன. இலவச இதழ்களைச் சலித்துத் தரும் 'டோஜ்' (DOAJ) என்ற பட்டியல் 2003 முதல் இருக்கிறது. இவ்வளவும் பார்த்தபின் ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். என் அனுபவத்தில் அதைவிட நல்ல சோதனை கிடையாது.

தேடலுக்கு வருவோம். 'தேஹு ரோடு' என்று மட்டும் தட்டினால் ரயில் நேரம்தான் வரும். ஊரை விட்டுவிட்டுப் பிரச்சினையைத் தேட வேண்டும்: ஏஜிங், கேர்கிவிங், மைக்ரேஷன், கன்டோன்மென்ட் என்று ஆங்கிலத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தேடலாம். 'கூகுள் ஸ்காலர்' ஆய்வுக் கட்டுரைகள் போன்ற கல்வித்துறை எழுத்துகளைக் காட்டும். அங்கே ஒரு நல்ல கட்டுரை சிக்கினால், அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல் பழைய ஆய்வுகளுக்கும், 'சைட்டட் பை' என்ற இணைப்பு பிறகு வந்த ஆய்வுகளுக்கும் கூட்டிப்போகும். 'ஷோத்கங்கா'வை மறக்காதீர்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே இலவசமாக இருக்கின்றன. ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தாலே, அந்தத் துறையில் எந்தெந்த இதழ்கள் புழங்குகின்றன என்பது பிடிபட்டுவிடும்.

கட்டுரை கிடைத்தது, திறக்க முப்பது டாலர் கேட்கிறது. கார்டைத் தொடாதீர்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், மத்திய மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் வருமா என்று நூலகரிடம் கேளுங்கள். வராவிட்டால், அதே தலைப்பைக் கூகுள் ஸ்காலரில் போட்டு, 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். எழுதியவர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதியைப் போட்டிருக்கக்கூடும்.

அதுவும் இல்லையென்றால் அவருக்கே மெயில் போடலாம். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே முகவரி இருக்கும். நான் இன்ன கல்லூரி மாணவி, இன்ன ஆய்வு செய்கிறேன், உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று மூன்று வரி போதும். அந்த முப்பது டாலரில் பொதுவாக அவருக்கு ஒரு காசும் போவதில்லை. தன் ஆய்வை ஒருவர் தேடி வந்து கேட்கிறார் என்றால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.